'ஃபுட்செக்' போல டச்சு வேர் உள்ள விரட்டுச் சொற்கள்: உதவி தேவை

வணக்கம். ஆங்கிலப் பேச்சுவழக்கில் "போ, தொலை" என்று விரட்டும் டச்சு வழிச் சொற்களைத் தொகுக்கிறோம். உறுதியாகக் கையில் இருப்பது ஒன்றுதான்: தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தின் 'ஃபுட்செக்' (voetsek). டச்சில் 'வோர்ட் ஸெக் இக்', அதாவது "அப்பால் போ என்கிறேன்". டச்சிலிருந்து பிறந்த தென்னாப்பிரிக்க மொழியான ஆஃப்ரிகான்ஸில் அது தேய்ந்து ஒரே சொல்லாகிவிட்டது.

எழுத்தைப் பார்த்து 'வொயெட்செக்' என்று படிப்பவர்கள் உண்டு. ஆஃப்ரிகான்ஸில் வி எழுத்தின் ஒலி 'ஃப'. ஓ, ஈ சேர்ந்தால் 'உ'. முதல் பாதி, 'பாதம்' என்று பொருள்படும் ஆஃப்ரிகான்ஸ் சொல்லைப் (voet) போலவே எழுதப்படுவதால் உதையோடு முடிச்சுப் போடுகிறார்கள், அது தவறு.

சிக்கல் மொழிபெயர்ப்பில். முதன்மையாக நாயை விரட்டும் சொல் இது, மனிதரிடம் சொன்னால் அவமதிப்பு. "போய்விடு" சப்பென்று இருக்கிறது. 'ச்சூ' நாய்க்குப் பொருந்தும், ஆளுக்கு எடுபடாது. "அடச்சீ, ஓடு" ஓரளவு நெருங்குகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் உங்கள் ஊர் வழக்கில் உண்டா?

'வாய்' என்ற தென்னாப்பிரிக்கக் கொச்சைச் சொல்லும் (கிளம்பு என்று பொருள், காற்று வீசுவதைக் குறிக்கும் டச்சு வினையிலிருந்து) பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதை விரட்டவும் சொல்வார்களா? டர்பன் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

'வமூஸ்' ஸ்பானிய வழி, 'ஹம்பா' ஜூலு, இவை வேண்டாம். சொல்லோடு ஒரு முழு வாக்கியம், யார் யாரிடம் சொன்னது என்ற குறிப்பும் தந்தால் போதும்.