டெக்கர்ஸில் ட்ரவுட் மாட்டுகிறது, கரைக்கு வருவதற்குள் போய்விடுகிறது. நானே கட்டிய ஃப்ளை. உதவுங்கள்

குமரன்_டென்வர் (சனி, இரவு 9.40)

இன்று சவுத் பிளாட் ஆற்றில் டெக்கர்ஸ் போயிருந்தேன். நான்கு மீன் மாட்டின, நான்கும் போய்விட்டன. மூன்று தடவை ஃப்ளையும் (முள்ளில் நூல் சுற்றிக் கட்டும் பூச்சி போன்ற பொய்யிரை) சேர்ந்தே போனது. தொடர்ந்து மூன்றாவது வாரமாக இதே கதை. ஃப்ளை எல்லாம் நானே கட்டியது. அக்டோபரிலிருந்து தினமும் இரவு உட்கார்ந்து கட்டி வருகிறேன். கடையில் வாங்கியதைப் போட்டபோது இப்படி ஆனதில்லை, அதனால் கட்டுவதில்தான் ஏதோ தப்பு. என்னவென்று யாராவது சொல்லுங்கள். திங்கள் லீவு, மறுபடி போகிறேன்.

ஆற்றோரம் (9.52)

எந்த ஃப்ளை? முள் எத்தனை நம்பர்? டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் நுனி நரம்பு) எத்தனை எக்ஸ், அதாவது எவ்வளவு மெல்லியது? இந்த மூன்றும் தெரியாமல் என்ன சொன்னாலும் அது ஊகம்தான். எத்தனை மணிக்கு மாட்டியது என்பதையும் எழுதுங்கள்.

கால்கரி_செல்வி (10.05)

மாட்டிய அந்த நொடியிலேயே போனதா, கொஞ்ச தூரம் ஓடிய பிறகு போனதா? இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. யோசித்துச் சொல்லுங்கள் தம்பி.

பழைய_தூண்டில் (10.20)

ஃப்ளையைக் குறை சொல்வதற்கு முன் ஆற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இதை இங்கே பத்து முறையாவது எழுதியிருப்பேன், தேடிப் படித்திருக்கலாம். சரி, இன்னொரு முறை.

டெக்கர்ஸுக்கு வரும் தண்ணீர் சீஸ்மன் அணையின் ஆழத்திலிருந்து திறந்துவிடுவது. தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். குளிர்காலத்தில் அணையின் அடியில் அந்த 4 டிகிரி நீர்தான் நிற்கும். அதனால்தான் வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும்போதும் அங்கே ஆறு ஓடுகிறது. ஆனால் அந்தக் குளிரில் ட்ரவுட்டின் உடம்பு மந்தமாகிவிடும், செரிமானமும் மெதுவாகும். ஆழமான, மெதுவாக ஓடும் இடத்தில் தரையோடு ஒட்டி நிற்கும். வாய்க்கு நேரே வந்ததைத்தான் எடுக்கும், ஒரு அடி தள்ளிப் போனாலும் விட்டுவிடும். எடுப்பதும் மெல்லத்தான் எடுக்கும். கோடையில் இழுப்பது போல வெடுக்கென்று இழுத்தால் 6எக்ஸ் என்ன, 4எக்ஸும் அறும். கையைச் சரிசெய்யுங்கள். நான் 22 வருடமாக இந்த ஆற்றில் நிற்கிறேன்.

பனிப்பாதை (10.48)

நான் சொல்வது வேறு. கம்பின் வளையங்களைப் பார்த்தீர்களா? காலை பதினோரு மணிக்குக்கூட நிழலான இடத்தில் சுழியத்துக்குக் கீழேதான் இருக்கும். ஒவ்வொரு தடவை லைனை இழுக்கும்போதும் அது கொண்டுவரும் தண்ணீர் வளையத்தில் உறைந்து, ஓட்டை சிறிதாகிக்கொண்டே வரும். மீன் ஓடும்போது லைன் வளையத்தில் நின்றுவிடும். அப்புறம் அறுவதற்கு வேறு எதுவும் இல்லை, டிப்பெட்தான் அறும். இருபது வீச்சுக்கு ஒரு முறை கம்பின் நுனியை ஆற்றில் முக்கி எடுங்கள். வெளிக்காற்றைவிடத் தண்ணீர் சூடு, பனி தானாக விடும். விரலால் உடைக்காதீர்கள், வளையம் வளைந்துவிடும்.

கரையோரப் பனித்தட்டின் மேல் ஏறி நின்று வீசவும் வேண்டாம். அடியில் தண்ணீர் அரித்திருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

குமரன்_டென்வர் (11.15)

மன்னிக்கவும், சொல்ல விட்டுவிட்டேன். இரண்டு ஃப்ளை. மேலே ஜீப்ரா மிட்ஜ், கறுப்பு, முள் 20, தலையில் பாசிமணி வைத்தது. கீழே ஆர்எஸ்2, சாம்பல், 22. டிப்பெட் 6எக்ஸ் ஃப்ளூரோகார்பன். 11க்கும் 1க்கும் நடுவில் மாட்டியது. வளையத்தில் பனி இருந்தது உண்மைதான், ஆனால் மீன் அவ்வளவு தூரம் ஓடவே இல்லை. இண்டிகேட்டர் (மிதவை) முங்கியது, தூக்கினேன், ஒன்றிரண்டு நொடி கனம் தெரிந்தது, அப்புறம் ஒன்றுமில்லை.

நூல்கண்டு (11.31)

போன மூன்றும் மேலே உள்ளதா, கீழே உள்ளதா?

குமரன்_டென்வர் (11.33)

மூன்றும் ஆர்எஸ்2.

நூல்கண்டு (11.50)

அப்படியென்றால் படம் போடுங்கள். ஆர்எஸ்2 இந்த ஆற்றிலேயே பிறந்த ஃப்ளை, ரிம் சங் 1970களில் சவுத் பிளாட்டுக்காகக் கட்டியது. வால், உடம்பு, குட்டையாக ஒரு இறக்கை, அவ்வளவுதான். பார்க்க எளிது. ஆனால் மணி கிடையாது என்பதால் நூல் கடைசியாக முடிவது முள்ளின் காதுக்கு, அதாவது டிப்பெட் கோக்கும் ஓட்டைக்கு, பக்கத்திலேயே. புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் அது. ஜீப்ரா மிட்ஜில் நூலை மணிக்குப் பின்னாலேயே முடித்துவிடுவோம், காது தப்பித்துவிடும். உங்களுக்கு மேலே உள்ளது நிற்கிறது, கீழே உள்ளது போகிறது என்றால் எனக்குச் சந்தேகம் அந்தக் காதில்தான்.

குமரன்_டென்வர் (ஞாயிறு, காலை 7.10)

படம் போட்டிருக்கிறேன். வெளிச்சம் சரியில்லை.

நூல்கண்டு (7.44)

பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் போட்ட ஐந்தில் மூன்றின் காது முக்கால்வாசி மூடியிருக்கிறது. உள்ளே பளபளவென்று கண்ணாடி போலத் தெரிகிறதே, நெயில் பாலிஷா? அது காய்ந்தால் ஓரம் கூராக நிற்கும். நீங்கள் ஆற்றில், விரல் மரத்துப்போய், அந்த ஓட்டையில் டிப்பெட்டைத் திணித்து இழுக்கிறீர்கள். அந்த இழுப்பிலேயே டிப்பெட் சிராய்ந்துவிடும். 6எக்ஸ் என்பது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான், கொஞ்சம் சிராய்ந்தாலும் பாதி பலம் போய்விடும்.

அடுத்து கட்டும்போது காதுக்குப் பின்னால் இன்னொரு காதளவு வெறும் கம்பி தெரியும்படி விட்டுவிட்டு அங்கேயே இறக்கையை நிறுத்துங்கள். நெயில் பாலிஷை முனையால் தொட்டு எடுக்காமல், நூலின் மேல் ஒரு இம்மி தடவி, அந்த நூலாலேயே முடிச்சுப் போட்டு முடியுங்கள். காதுக்குப் போகவே போகாது. ஏற்கெனவே கட்டியதைத் தூக்கிப் போட வேண்டாம், மெல்லிய ஊசியால் காதைத் திறந்துவிட்டால் போதும்.

பழைய_தூண்டில் (8.15)

டிப்பெட் அறுவதற்குக் காது காரணம் என்று நான் ஏற்கமாட்டேன். இழுக்கும் விதம் சரியாக இருந்தால் மோசமான ஃப்ளையிலும் மீன் வரும்.

கால்கரி_செல்வி (8.30)

இருவருமே ‘அறுந்தது’ என்று முடிவு செய்துவிட்டீர்கள். அறுந்ததா என்று யாரும் கேட்கவில்லையே.

குமரன், மீன் போனதும் டிப்பெட்டின் நுனி எப்படி இருந்தது? நேராக, வெட்டியது போல இருந்தால் அறுந்தது. அவரைக்கொடியின் நுனி போலச் சுருண்டிருந்தால் அது அறுந்ததல்ல, முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. ஃப்ளூரோகார்பன் நைலானைவிட விறைப்பு. எச்சில் படாமல் உலர்ந்த முடிச்சை இழுத்தால் சரியாக உட்காராது. உட்கார்ந்தது போலத் தெரியும், பாரம் வந்ததும் வழுக்கும். ஒன்றிரண்டு நொடி கனம் தெரிந்து பிறகு சும்மா வந்தது என்றீர்களே, அதைப் படித்ததிலிருந்தே எனக்கு இந்தச் சந்தேகம்.

மலைநாடன் (9.02)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நான் ஊட்டிக்காரன், இப்போது பௌல்டரில். அடுத்த வாரம் முதல் தடவையாக வரலாம் என்று இருக்கிறேன். ஒன்று பிடித்துப் பனிமேல் வைத்துப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்ப ஆசை. அவலாஞ்சியில் சின்ன வயதில் ட்ரவுட் பார்த்தது, அதே மீன்தானா இது?

கால்கரி_செல்வி (9.15)

ஆசை புரிகிறது, ஆனால் பனிமேல் வைக்கவே வைக்காதீர்கள். சுழியத்துக்குக் கீழே காற்று இருக்கும்போது செவுளின் மெல்லிய இழைகள் நொடிகளில் உறைய ஆரம்பிக்கும். மீன் நீந்திப் போய்விடும், பிழைத்தது என்று நினைப்போம், பிழைத்திருக்காது. கையுறையைக் கழற்றி, கையை நனைத்து, வலைக்குள் தண்ணீரிலேயே வைத்துப் படம் எடுங்கள். எடுப்பதற்கு முன்பே போனைத் தயாராக வைத்திருங்கள்.

இன்னொன்று. பிரவுன் ட்ரவுட் இலையுதிர் காலத்தில் முட்டையிட்டு முடித்திருக்கும். ஆற்றின் அடியில் சுற்றியுள்ள கற்களைவிட வெளுப்பாக, துடைத்து வைத்தது போல ஒரு கூழாங்கல் திட்டு தெரிந்தால் அதன் அடியில் முட்டைகள் இருக்கும். அதன்மேல் கால் வைக்காதீர்கள்.

பழைய_தூண்டில் (9.40)

மலைநாடன், நம் நீலகிரிக்கு ட்ரவுட் வந்தது 1863இல், ஃபிரான்சிஸ் டே கொண்டுவந்தார். இங்கிலாந்திலிருந்து வந்த பிரவுன் ட்ரவுட். நீங்கள் பார்த்ததும் அதன் வழித்தோன்றல்தான்.

மலைநாடன் (10.10)

இல்லை ஐயா. டே 1863இல் முயன்றது சரி, ஆனால் அந்த முயற்சி தோற்றுப்போனது. நீலகிரியில் ட்ரவுட் நிலைத்தது எச்.சி. வில்சன் காலத்தில். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் 1907இல் அவர் அமைத்தது. நிலைத்ததும் ரெயின்போ ட்ரவுட்தான், முட்டைகள் இலங்கையிலிருந்து வந்தன. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது.

பழைய_தூண்டில் (10.25)

முதலில் கொண்டுவந்தவருக்குத்தான் பெருமை சேர வேண்டும்.

ஆற்றோரம் (10.50)

செத்துப்போன மீனுக்கு என்ன வழித்தோன்றல்? மலைநாடன் சொல்வது சரி. இங்கேயும் இதே கதைதான், அதனால் இதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். டெக்கர்ஸில் நாம் பிடிக்கும் பிரவுனும் ரெயின்போவும் இரண்டுமே வந்தேறிகள். பிரவுன் 1883இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தது. ரெயின்போ பசிபிக் பக்கத்து ஆறுகளில் இருந்து மலை தாண்டிக் கொண்டுவந்தது. சவுத் பிளாட்டின் சொந்த மீன் கிரீன்பேக் கட்த்ரோட் என்ற ட்ரவுட். கொலராடோ 1994இல் அதை மாநில மீனாக அறிவித்தது. 2012இல் மரபணு ஆய்வு செய்து பார்த்தால், கலப்பில்லாத கூட்டம் கொலராடோ ஸ்பிரிங்ஸ் பக்கம் பேர் கிரீக் என்ற ஒரே ஒரு ஓடையில்தான் மிஞ்சியிருந்தது. தன் சொந்த ஆற்றில் அதற்கு இடமில்லாமல் போனது. ஒவ்வொரு தடவை பிரவுனை விடும்போதும் எனக்கு இது நினைவுக்கு வரும்.

பனிப்பாதை (11.05)

அப்படிப் பார்த்தால் இந்த ஆற்றில் மீன்பிடிக்கவே கூடாது.

ஆற்றோரம் (11.20)

அப்படிச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு பிடிக்க வேண்டும் என்கிறேன். இதற்குத் தனி இழை திறக்கலாம். குமரன் நாளைக் காலை ஆற்றுக்குப் போகிறார், அவர் கேட்டதற்கு வருவோம். குமரன், நுனி சுருண்டிருந்ததா?

குமரன்_டென்வர் (மாலை 6.30)

நேற்று அந்தக் கம்பை அப்படியே காரில் வைத்திருந்தேன், இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். கடைசி மீன் போன நுனி அப்படியே இருக்கிறது. சுருண்டிருக்கிறது. ஒரு அங்குலம் பாம்பு போல நெளிந்து. மற்ற இரண்டும் எப்படி இருந்தன என்று பார்க்கவில்லை, உடனே புதிது கட்டிவிட்டேன்.

கையுறையோடுதான் முடிச்சுப் போட்டேன். எச்சில் படுத்தியதாக ஞாபகம் இல்லை.

கால்கரி_செல்வி (6.48)

அப்போது முடிச்சுதான். நூல்கண்டு சொன்ன காதும் இதில் சேர்ந்திருக்கும். ஓட்டை பாதி அடைத்திருந்தால் டிப்பெட் ஒழுங்காக வளைந்து உட்காராது, முடிச்சு கோணலாக நிற்கும்.

ஆற்றில் முடிச்சுப் போடுவதையே குறையுங்கள். நான் செய்வது இது. முந்தின நாள் இரவு சூடான அறையில், நல்ல வெளிச்சத்தில், பத்து ஆர்எஸ்2வை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒன்றரை அடி 6எக்ஸ் கட்டிவிடுவேன். கிளிஞ்ச் முடிச்சு, ஐந்து சுற்று. இழுப்பதற்கு முன் வாயில் வைத்து நனைத்து, மெதுவாக ஒரே சீராக இழுக்க வேண்டும். சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி உட்காருவது கண்ணுக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் வெட்டிவிட்டு மறுபடி. பிறகு முள்ளை மேசையில் பிடித்துக்கொண்டு ஒரு இழுப்பு. வழுக்குவதானால் அங்கேயே வழுக்கட்டும். எல்லாவற்றையும் ஒரு நுரை அட்டையில் சுற்றி வைத்துக்கொண்டால், ஆற்றில் மேலே உள்ள ஃப்ளையின் முள் வளைவில் ஒரு முடிச்சு மட்டும் போட்டால் போதும். முடிச்சில் மீதி நிற்கும் வாலை ஒட்ட நறுக்காதீர்கள், இரண்டு மில்லிமீட்டர் விடுங்கள்.

பழைய_தூண்டில் (7.15)

முடிச்சு வழுக்கியிருக்கலாம். ஆனாலும் தூக்கும்போது மேலே தூக்காமல், நீரோட்டம் போகும் பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள் தம்பி. முள் வாயோரத்தில் பதியும். டிப்பெட்டுக்கும் அதிர்ச்சி குறைவு.

குமரன்_டென்வர் (அடுத்த செவ்வாய், இரவு 8.05)

திங்கள் போக முடியவில்லை, காற்று. அதற்கடுத்த ஞாயிறு போனேன். ஊசியால் எல்லாக் காதையும் திறந்து, எட்டு ஆர்எஸ்2வை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போனேன். வீட்டில் இழுத்துப் பார்த்ததிலேயே இரண்டு வழுக்கிவிட்டன, மறுபடி கட்டினேன். மூன்று மாட்டின. ஒன்று முள் பதியாமல் போனது. இரண்டு வலைக்கு வந்தன, இரண்டும் பிரவுன், பெரியது 13 அங்குலம். வாயோரத்தில் நான் கட்டிய அந்தச் சாம்பல் ஃப்ளை இருந்தது, இறக்கை பாதி பிய்ந்திருந்தது. தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுத்துவிட்டேன், படம் எடுக்கவில்லை.

செல்வி அக்கா, நூல்கண்டு, எல்லோருக்கும் நன்றி.

மலைநாடன் (8.40)

அந்த நுரை அட்டை எந்தக் கடையில் கிடைக்கும்?