மீளுருவாக்கம் முதலா, சமூகம் முதலா? ஆய்வு மென்பொருள் பற்றி ஒரு கேள்வி

வண்டல்மண் (கேள்வி):

வணக்கம். நில அதிர்வுத் தரவுகளைப் பகுத்தாய எங்கள் ஆய்வுக்குழு எழுதிய நிரல்களைத் திறமூல உரிமத்துடன், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வெளியிட்டிருக்கிறோம். பதிவிறக்கிப் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள். ஐயம் கேட்டு எனக்குத் தனியே மின்னஞ்சல் அனுப்புவோரும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பிழையைத் திருத்தியோ, புதிதாக ஒரு நிரலைச் சேர்த்தோ அனுப்பிய வெளியாள் ஒருவரும் இதுவரை இல்லை. நான் முனைவர் பட்டம் பெற்று வெளியேறிவிட்டால் இதைக் கவனிக்க ஆளிராது.

எங்கள் கட்டுரைகளில் உள்ள எந்தப் படத்தையும் படிப்பவர் தம் கணினியிலேயே மீண்டும் உருவாக்கிப் பார்க்க முடிய வேண்டும் என்பது எங்கள் விருப்பம். அதற்கே நேரம் போதாதபோது சமூகம் திரட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் என் நெறியாளர். இந்த வரிசை சரிதானா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

அலைமுகப்பு:

இரண்டையும் தனித்தனி வேலைகளாகப் பிரித்ததில்தான் சிக்கல் தொடங்குகிறது. உங்கள் துறையின் வரலாறே இதற்குச் சான்று. ஸ்டான்ஃபோர்டில் ஜான் கிளேர்பௌட் நடத்திய நில அதிர்வு ஆய்வுக்குழு, 1990-களிலேயே தன் அறிக்கைகளின் படங்களை மூன்று வகையாகப் பிரித்தது: கட்டளை கொடுத்தாலே எளிதாக மீண்டும் உருவாகும் படம்; தனியார் தரவோ பெரிய கணினியோ நீண்ட நேரமோ இருந்தால் மட்டும் உருவாகும் படம்; மீண்டும் உருவாக்கவே இயலாத படம். இதனால் முதலில் பயன்பெற்றவர்கள் வெளியார் அல்லர். முந்தைய மாணவர் விட்டுச்சென்ற வேலையை எடுத்துத் தொடர வேண்டிய அடுத்த மாணவரும், சில மாதம் கழித்துத் தம் நிரலுக்கே திரும்பி வரும் கட்டுரையாளரும்தான்.

அந்தக் குழுவில் படித்த செர்கேய் ஃபோமெல், பின்னர் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபடி வளர்த்து, 2006-இல் பொதுவெளிக்குக் கொண்டுவந்த மென்பொருள் தொகுப்புதான் மடகாஸ்கர். அதன் அமைப்பை உங்கள் நெறியாளர் அவசியம் பார்க்க வேண்டும். ஒரே ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல்கள் ஏராளமாக இருக்கும். யூனிக்ஸ் குழாய்வழியில் ஒன்றன் விளைவு மற்றொன்றுக்குள் செல்லும். அவற்றை எந்த வரிசையில், எந்த அளவுருக்களுடன் இயக்கினோம் என்பது பைதானில் எழுதிய ஒரு சிறு கோப்பில் இருக்கும். அதில் ‘ஃப்ளோ’ என்று தொடங்கும் வரி ஒரு கணக்கீட்டையும், ‘ரிசல்ட்’ என்று தொடங்கும் வரி ஒரு படத்தையும் குறிக்கும். படம் சரியென்று கட்டுரையாளருக்குத் தோன்றியதும், அந்தக் கோப்பைப் படித்து இயக்கும் எஸ்கான்ஸ் கருவிக்கு ‘எஸ்கான்ஸ் லாக்’ என்று கட்டளையிட்டால் அதன் நகல் ஒன்று சேமிப்பில் வைக்கப்படும். பின்னாளில் ஒருவர் ‘எஸ்கான்ஸ் டெஸ்ட்’ என்று இட்டால், புதிதாக உருவான படம் அந்த நகலோடு ஒப்பிடப்படும்.

இதனால், கட்டுரை ஒவ்வொன்றும் மென்பொருளுக்கான ஒரு சோதனையாகிவிடுகிறது. புதிதாக வருபவர் மைய நிரலைத் தொட வேண்டியதில்லை. தம் கட்டுரையின் கோப்புறையைக் கொண்டுவந்து சேர்த்தாலே பங்களிப்பாளராகிவிடுகிறார். உங்கள் களஞ்சியத்திற்குள் நுழைய அப்படி ஒரு வாசல் இல்லை என்று நினைக்கிறேன். நிரலை எழுதியவரைத் தவிர வேறு எவருக்கும் உள்ளே வேலையில்லாத வீட்டிற்கு விருந்தாளி வருவாரே ஒழிய, உறவினர் வரமாட்டார்.

நெட்டாங்கு:

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஒரு திருத்தம். ஒரு படத்தை ஒருமுறை பூட்டி வைத்துவிட்டால் அது என்றென்றும் மீண்டும் உருவாகும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். மொழியின் பதிப்பு மாறும், சார்ந்திருக்கும் நூலகங்கள் மாறும், இயங்குதளம் மாறும்.

வேதியியலில் நடந்ததைப் பாருங்கள். மூலக்கூறுகளின் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு அளவீடுகளைக் கணக்கிட 2014-இல் வெளியான ஒரு பைதான் ஸ்கிரிப்டைப் பலர் பயன்படுத்தி வந்தனர். ஒரே தரவைக் கொடுத்தாலும் இயங்குதளத்தைப் பொறுத்து வெவ்வேறு விடை வருகிறது என்று 2019-இல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். கோப்புப் பெயர்களைத் திரட்டித் தரும் செயற்கூறு, அவற்றை எந்த வரிசையில் தரும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. ஸ்கிரிப்டோ பெயர்கள் அகரவரிசையில் வரும் என்று நம்பி எழுதப்பட்டிருந்தது. வரிசைப்படுத்தும் ஒரு கட்டளையைச் சேர்த்ததும் சிக்கல் தீர்ந்தது. எழுதியவரின் கணினியில் மட்டும் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் இந்தப் பிழை வெளிப்பட்டிருக்காது.

எல்லாவற்றையும், நிரலையும் அது ஓடும் சூழலையும் ஒரே பொதியாக்கும் டாக்கர் கொள்கலனில் அடைத்துக் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதை எதிர்க்கவில்லை, ஆனால் அது பிழையையும் சேர்த்தே உறையவைக்கும். வெவ்வேறு கணினிகளில் பழைய படங்களை அவ்வப்போது மீண்டும் ஓட்டிப் பார்க்கும் மனிதர்கள்தான் வேண்டும். இந்தப் பராமரிப்புக்கே சமூகம் தேவைப்படுகிறது. அதனால் புதியவர்களிடம் ‘பங்களியுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘இந்தக் கட்டுரையின் மூன்றாம் படத்தை உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து, என்ன வந்தது என்று எழுதுங்கள்’ என்று கேளுங்கள்.

மரபணுச்சரம்:

உயிரியல் பக்கமிருந்து ஒரு குறிப்பு. 2001-இல் தொடங்கிய பயோகண்டக்டர், மரபணுத் தரவைப் பகுத்தாயும் மென்பொருள் தொகுப்புகளின் திரட்டு; அது ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொரு தொகுப்புடனும் ஓடக்கூடிய எடுத்துக்காட்டுகளைக் கொண்ட ஒரு விளக்க ஆவணம் இருந்தே ஆக வேண்டும். ஆர் என்னும் நிரல்மொழியில் அமைந்த அந்தத் தொகுப்புகள் பல இயங்குதளங்களில் திரும்பத் திரும்ப உருவாக்கி ஓட்டிப் பார்க்கப்படுகின்றன. ஆவணம் ஓடாவிட்டால் தொகுப்பின் பொறுப்பாளருக்குத் தகவல் போகும், கவனிப்பாரற்ற தொகுப்பு நாளடைவில் நீக்கப்படும். கறாரான ஏற்பாடுதான், ஆனால் பயனாளர்களின் நம்பிக்கைக்கு அதுவும் ஒரு காரணம்.

மற்றொன்று அங்கீகாரம். நிரல் எழுதியதற்காக எந்தத் துறையும் எளிதில் பதவி உயர்வு தருவதில்லை. 2016-இல் தொடங்கிய ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் இதழ், கிட்ஹப்பிலேயே எல்லோரும் காணும்படி மென்பொருளை மதிப்பாய்வு செய்து, மேற்கோள் காட்டத்தக்க சிறு கட்டுரையாக வெளியிடுகிறது. உங்களுக்கு உதவுவோரின் பெயரை அதில் சேர்ப்பதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தனி மின்னஞ்சல்களுக்கு விடையளிப்பதையும் நிறுத்துங்கள். அனுமதி பெற்று அந்தக் கேள்விகளைப் பொதுத் தளத்தில் இட்டு, அங்கேயே விடை எழுதுங்கள். அடுத்தவரின் ஐயத்தைத் தீர்க்கும் ஆசை அங்கேதான் பிறக்கிறது.

வண்டல்மண்:

மூவருக்கும் நன்றி. ஒரு தடை மட்டும் மீதமிருக்கிறது: எங்கள் தரவில் பெரும்பகுதி ஒரு நிறுவனத்திற்குச் சொந்தமானது, வெளியிட முடியாது.

அலைமுகப்பு:

அதை மறைக்காமல், அந்தப் படங்களின் கீழ் நிபந்தனைக்குட்பட்டவை என்று எழுதிவிடுங்கள்; கிளேர்பௌட் குழுவின் இரண்டாம் வகை இதற்காகவே இருக்கிறது. அதோடு ஒவ்வொரு முறைக்கும் பொதுத் தரவில் ஓடும் ஓர் எடுத்துக்காட்டைச் சேருங்கள். ஃபிரெஞ்சுப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் 1988-இல் அங்கோலாவின் குவான்சா படுகையை ஒட்டி உருவாக்கிய மார்முசி என்ற செயற்கை நிலத்தடி மாதிரி உங்கள் துறையில் எல்லோருக்கும் பழக்கமானது, அதிலிருந்தே தொடங்கலாம்.