கூலண்டுக்குத் தமிழ்ச்சொல்: திங்கள் காலைக்குள் தேவை

நாகர்கோவில், வெள்ளி இரவு

அனைவருக்கும் வணக்கம். திங்கள்கிழமை காலை ஒரு பாடக்குறிப்பு அச்சுக்குப் போகிறது. ஆட்டோமொபைல் படிக்கும் பிள்ளைகளுக்கு, ஒன்பது பக்கம். மஸ்தா ஆர்எக்ஸ்-7 காரின் சுழலெந்திரத்தை (பிஸ்டனுக்குப் பதில் முக்கோணச் சுழலி சுற்றும் எந்திரம்) குளிர்விக்கும் அமைப்பை எப்படி மாற்றிப் பலப்படுத்துவது என்பதுதான் பொருள். அந்தக் காரை நம் மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை. குளச்சல்காரத் தம்பி ஒருவர் ஷார்ஜாவில் இதே வேலை பார்க்கிறார், இந்தக் குழுவிலும் இருக்கிறார். அவர் அனுப்பிய படங்களைக் காட்டியபோது கடைசி வரிசைப் பிள்ளைகள்கூட எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். எந்திரச் சூட்டைப் பற்றி எத்தனையோ முறை சொல்லியும் ஏறாதது இதில் ஏறும் என்று நம்புகிறேன்.

எந்திரத்தின் சூட்டை வாங்கி ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் நீர்மம்தான் கூலண்ட். அதற்கு என்ன எழுதுவது என்பதில் நின்றுவிட்டேன். இது வெறும் சொல்லாசை இல்லை. போன மாதம் ஒரு பையனிடம் "ரேடியேட்டரில் பச்சைத் தண்ணி இருக்கக் கூடாது, பார்" என்றேன். காய்ச்சாத, மருந்து சேர்க்காத வெறும் தண்ணீரைச் சொன்னேன். அவன் மூடியைத் திறந்து பார்த்தான். உள்ளே நல்ல கூலண்ட் பச்சை நிறத்தில் இருந்தது. அத்தனையையும் வடித்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பிவிட்டான். நான் சொன்னதைத்தான் அவன் செய்தான். பாடத்தில் இந்தக் குழப்பம் வரக் கூடாது.

தக்கலை, வெள்ளி இரவு

பாடநூல்களில் குளிரூட்டி என்று பார்த்திருக்கிறேன். ஆனால் குளிரூட்டி என்றால் இன்று எல்லாருக்கும் ஏசிதான். குளிரூட்டப்பட்ட பேருந்து என்று எழுதியதைப் படித்து வளர்ந்த பிள்ளைகளிடம் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. குளிர்வி என்று வையுங்கள். சின்னச் சொல், கூட்டுச்சொல்லுக்கும் வளையும்: குளிர்விக் குழாய், குளிர்வித் தொட்டி. கூடவே ரேடியேட்டரையும் கதிர்வீசி என்று மாற்றிவிடலாம். மொழிபெயர்ப்பு வேலையில் நான் கண்டது இதுதான்: பாதியைத் தமிழிலும் பாதியை ஆங்கிலத்திலும் விட்டால், விட்ட பாதி மற்ற பாதியைத் தின்றுவிடும்.

மார்த்தாண்டம், சனி காலை

அக்கா, கோபிக்க வேண்டாம். பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே வண்டி கொண்டுவருகிறவர்கள் "அண்ணாச்சி, வண்டி வெள்ளம் குடிக்குது" என்பார்கள். வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர். எனக்குப் புரியும். கடையில் போய் வாங்கும்போது கூலண்ட் என்பார்கள். கடைக்காரருக்குப் புரியும். குளிர்வி ஒரு லிட்டர் கொடுங்கள் என்று என் பையனை அனுப்பினால் வெறுங்கையோடு வருவான். கூலண்ட் என்றே போடுங்கள் சார்.

அப்புறம், கதிர்வீசி தவறான பெயர். ரேடியேட்டரின் சூடு பெரும்பாலும் கதிராகப் போவதில்லை, தகடுகளுக்கு நடுவே ஓடும் காற்றுதான் அள்ளிக்கொண்டு போகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்காற்றில் வரும் வண்டியில் சூடு காட்டும் முள் ஏறாது. அதே வண்டி களியக்காவிளை நெரிசலில் நின்றால் ஏறிவிடும். வெள்ளைக்காரன் தப்பாக வைத்த பெயரை நாம் ஏன் பாடுபட்டு மொழிபெயர்க்க வேண்டும்?

அதங்கோடு, சனி நண்பகல்

தொல்காப்பியத்தைக் கேட்டுத் தெளிந்த ஆசான் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் நாங்கள். அந்த உரிமையில் இரண்டு வார்த்தை.

மார்த்தாண்டம் தம்பி சொல்வதற்கு இலக்கணம் இடம் தருகிறது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கையும் செய்யுளுக்கு உரியவையாகவே தொல்காப்பியர் ஏற்றார். எனவே கூலண்ட் தீட்டில்லை. ஆனால் அது பொருள் சொல்லாத சொல். பையன் வடித்துக் கொட்டியது அதனால்தான்.

குளிர்வி என்பதிலும் எனக்குத் தடை உண்டு. அது பிறவினை முதனிலை, ஏவலாக நிற்பது. "குளிர்வி" என்றால் "குளிரச் செய்" என்று ஒருவனை ஏவுவது. பெயராக வேண்டுமானால் குளிர்விப்பி என்றாவது இருக்க வேண்டும். மண்ணை வெட்டுவது மண்வெட்டி, ஆளைக் கொல்வது ஆட்கொல்லி. அங்கே இகரம் வந்து ஏறியிருக்கிறது. இங்கே வினையே இகரத்தில் முடிவதால் ஏறியதா இல்லையா என்று தெரியவில்லை.

இதற்கென்றே நம்மிடம் ஒரு வினை இருக்கிறதே: ஆற்று. சாயாவை ஆற்றுகிறோம், கஞ்சியை ஆற்றுகிறோம், புண்ணை ஆற்றுகிறோம். குளிர் என்பது பனிக்கு உரியது. கொதிப்பதை அளவான சூட்டுக்குக் கொண்டுவருவது ஆற்றுதல். ஆகவே கூலண்ட் என்பது ஆற்றி. நீர் சேர்த்தால் ஆற்றுநீர்.

தக்கலை, சனி பிற்பகல்

ஐயா, ஆற்றுநீர் என்று எழுதினால் பிள்ளைகள் பழையாற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றிவிடுவார்கள். ஆறு என்றால் நதி, எண், வழி, தணிதல். நான்கும் ஒரே எழுத்து.

இலக்கணத் தடைக்கும் விடை உண்டு. வற்றல் என்பது தொழிற்பெயர்தானே? "வற்றல் தின்றான்" என்றால் தொழிலைத் தின்னவில்லை, தொழிலாகுபெயராகிப் பொருளைக் குறித்தது. முதனிலையே பெயராக நிற்பதும் உண்டு: அடி, உதை. குளிர்வி இரண்டையும் சேர்த்துப் பெயராகலாம்.

அதங்கோடு, சனி மாலை

அடி, உதை இரண்டும் செயலின் பெயர்கள், செய்யும் பொருளின் பெயர்கள் ஆகா. வற்றலில் விகுதி இருக்கிறது. ஊருணியைப் பாருங்கள்: ஊரார் உண்பது, ஊரை உண்பதில்லை. இகரம் செய்பவனை மட்டுமா குறிக்கிறது, செயப்படுபொருளையும் குறிக்கிறதா என்பதே தனியாகப் பேச வேண்டிய செய்தி. நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஷார்ஜா, சனி இரவு

ஐயாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம். இலக்கணம் எனக்கு எட்டாது. எந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், சொல்லை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

பெலிக்ஸ் வாங்கெலின் இந்த எந்திர வகை ஜெர்மனியில் முதலில் ஓடியது 1957 பிப்ரவரியில். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மஸ்தா அதைக் காரில் வைத்து 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட்டை விற்றது. ஆர்எக்ஸ்-7 1978-ல் வந்தது. இப்போது என் முன்னால் நிற்பது கடைசித் தலைமுறை, இரட்டை டர்போ. சுழலி இரண்டு, ஒவ்வோர் அறையும் 654 சிசி.

பிஸ்டன் எந்திரத்தில் வெடிப்பு நடக்கும் இடத்துக்கே அடுத்து குளிர்ந்த காற்றும் வரும். இதில் அப்படி இல்லை. முக்கோணச் சுழலி சுற்றச் சுற்ற, காற்று இழுப்பது எப்போதும் அதைச் சூழ்ந்த கூட்டின் ஒரு பக்கம், வெடிப்பது எப்போதும் இன்னொரு பக்கம். ஒரு பக்கம் இளஞ்சூடு, ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கம் தீ. கூடு அலுமினியம், அதை இருபுறமும் அணைத்து நிற்கும் தகடுகள் வார்ப்பிரும்பு. இரண்டும் ஒரே அளவில் விரியாது. நடுவில் ரப்பர் வளையம், அதுதான் கூலண்ட் சீல். ஒருமுறை நன்றாகச் சூடேறினால் கூடு நெளியும், வளையம் போய்விடும், கூலண்ட் அறைக்குள் இறங்கும். எந்திரத்தைப் பிரித்தே ஆக வேண்டும்.

அதனால் மாற்றுவது இவை: ஓரத்தில் பிளாஸ்டிக் தொட்டி உள்ள பழைய ரேடியேட்டருக்குப் பதில் முழு அலுமினியம். காற்றுக்குமிழ் பிரிக்கும் சின்னத் தொட்டியும் பிளாஸ்டிக், வயதானால் விரிசல் விடும், அதையும் அலுமினியத்துக்கு. ரேடியேட்டரையும், டர்போ அழுத்தித் தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் V வடிவத்தில் சாய்த்து வைத்தால் இரண்டுக்கும் தனித்தனியே புதுக்காற்று கிடைக்கும். காற்று பக்கவாட்டில் நழுவாதபடி தகடு அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தும் பலன் குறைவு. மூடியின் அழுத்தமும் முக்கியம்: 0.9 பார் மூடியில் நீர் ஏறத்தாழ 118 டிகிரியில்தான் கொதிக்கும், 1.3 பாரில் 124-க்குப் பக்கம். ஆனால் பழைய குழாயோடு அழுத்தத்தை மட்டும் கூட்டினால் குழாய் வெடிக்கும்.

நீர் உறையாமல் தடுக்கச் சேர்ப்பது கிளைகால். கிளைகால் பாதி, நீர் பாதி கலந்தால் வெறும் நீரைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாகவே சூட்டைச் சுமக்கும். இங்கேயும் நாகர்கோவிலிலும் பனி உறையாது, கிளைகாலைக் குறைக்கலாம். துரு தடுக்கும் மருந்தும் காய்ச்சி வடித்த நீரும் கட்டாயம். கடலோரக் கிணற்று உப்புநீர் அலுமினியத்தை அரித்துவிடும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். சுழலியின் உள்ளே நீர் போவதே இல்லை. அதை ஆற்றுவது எந்திர எண்ணெய்தான். நடுத்தண்டிலிருந்து பீய்ச்சி அடித்து, சூட்டை வாங்கிக்கொண்டு முன்னால் இருக்கும் ஆயில் கூலருக்குப் போகிறது. அதனால் இந்தக் காரில் பெரிய ஆயில் கூலர் ஆடம்பரம் இல்லை. கூலண்டுக்கு நீர் என்று முடியும் சொல் எது வைத்தாலும், எண்ணெய் செய்யும் அதே வேலை மறைந்துவிடும்.

இன்னொன்று, ஐயா. நீங்கள் சொன்ன ஆற்றி நல்ல சொல், ஆனால் இடம் மாறியிருக்கிறது. களியக்காவிளை சாயாக்கடையில் மாஸ்டர் கையைத் தூக்கி ஊற்றும்போது சாயா நீண்ட நூலாகிக் காற்றில் விரிகிறது. ஆற்றுவது காற்றும் அந்த வீச்சும், சாயா ஆறுகிறது. ரேடியேட்டரும் அப்படியே, நூறு மெல்லிய தகடுகளில் சூட்டைப் பரப்பிக் காற்றுக்குக் கொடுக்கிறது. ரேடியேட்டர்தான் ஆற்றி. ஆயில் கூலர் எண்ணெய் ஆற்றி. கூலண்ட் சூட்டைச் சுமந்து போகும் ஆள் மட்டுமே.

மார்த்தாண்டம், ஞாயிறு காலை

எண்ணெய் ஆற்றி எனக்கே பிடித்துவிட்டது. பட்டறையில் சொல்லிப் பார்த்தேன், பையன்கள் விளக்கம் கேட்காமல் புரிந்துகொண்டார்கள். கூலண்டில் என் கருத்து மாறவில்லை.

அதங்கோடு, ஞாயிறு காலை

தம்பி சொன்ன சாயாவை ஏற்கிறேன். அப்படியானால் சுமப்பதற்கு ஏந்தி இருக்கிறது: வெப்பமேந்தி. சூடுவாங்கி என்றும் சொல்லலாம். வாங்கெல் என்ற பெயரோடு ஒலி ஒத்துப்போகிறது, அது தற்செயல்தான் என்றாலும் பிள்ளைகள் நினைவில் நிற்கும். "நீங்கின் தெறூஉம் குறுகுங்கால் தண்ணென்னும் தீ" என்றார் வள்ளுவர். 90 டிகிரியில் ஓடும் நீர்மத்தைத் தண், குளிர் என்று அழைக்க வேண்டுமானால் அது காதலியாக இருக்க வேண்டும்.

தக்கலை, ஞாயிறு நண்பகல்

வெப்பமேந்தி என்றால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கும் துணி நினைவுக்கு வருகிறது. தண்ணீர் என்பதே தண் சேர்ந்த நீர், அதைச் சுடவைத்து "தண்ணீர் கொதிக்கிறது" என்று தினமும் சொல்கிறோம், யாருக்கும் இடறவில்லை. குளிர்வியும் இடறாது. செய்யும் வேலையால் பெயர், இருக்கும் சூட்டால் இல்லை. எண்ணெயைப் பற்றித் தம்பி சொன்னது சரி, அதனால் நீர் சேர்க்காத குளிர்வியே இன்னும் பொருத்தம்: நீர்மக் குளிர்வி, எண்ணெய்க் குளிர்வி என்று இரண்டையும் அடக்கும்.

நாகர்கோவில், ஞாயிறு இரவு

அனைவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன்: குளிர்விக்கு நான்கு பேர், கூலண்டுக்கு மூவர், வெப்பமேந்திக்கு ஒருவர். பாதிப் பேர் எழுதவே இல்லை, அலுத்துவிட்டார்கள் என்று தெரிகிறது. குறிப்பில் முதல் இடத்தில் "குளிர்வி, கடையில் கூலண்ட்" என்றும், பிறகு குளிர்வி என்றும் போகிறது. ரேடியேட்டர் அப்படியே. ஆயில் கூலருக்கு எண்ணெய் ஆற்றி. முதல் பக்கத்தில் கட்டம் கட்டி, "பச்சைத் தண்ணீர் என்ற சொல்லை இந்தப் பட்டறையில் பயன்படுத்தாதீர்கள்" என்று எழுதியிருக்கிறேன்.

அதங்கோடு, ஞாயிறு இரவு

எண்ணெயை ஆற்றுவது ஆற்றி, ரேடியேட்டர் மட்டும் ரேடியேட்டரா? ஒரே வேலைக்கு ஒரே பக்கத்தில் இரண்டு பெயர். அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஊருணி பற்றி நாளை எழுதுகிறேன்.

ஷார்ஜா, ஞாயிறு நள்ளிரவு

சார், கூலண்ட் சீலுக்கு ஏழாம் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள்? அதைப் பற்றி யாரும் பேசவே இல்லையே.