பிரீசரில் வைத்த ஸ்ட்ரோபெரி ஒரே பாறை, அவசரம்

மார்க்கம்_அம்மா:
பிள்ளைகளோடு ஸ்டூஃப்வில் பக்கம் போய் ஸ்ட்ரோபெரி ஆய்ந்து வந்தோம். பிரீசரில் வைத்தேன். இன்று எடுத்தால் எல்லாம் ஒட்டி ஒரே பாறை. கத்தியால் குத்தியும் பிரியவில்லை. வெளியே வைத்துப் பார்த்தேன், கூழாகிச் சிவப்புத் தண்ணீர் விடுகிறது. இன்னும் ஒரு கூடை ஃபிரிட்ஜில் இருக்கிறது. அதையாவது காப்பாற்ற வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

செல்வி_ஸ்காபரோ:
கழுவினீர்களா? ஈரம் போகத் துடைத்தீர்களா? எதில் போட்டு வைத்தீர்கள்? எவ்வளவு பழம்?

தஞ்சை_டு_டொராண்டோ:
ஃப்ரீசர் சூடுதான் காரணம். மைனஸ் 18 இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் கதவைத் திறந்து திறந்து மூடினால், உருகி உருகி மறுபடி உறையும். என் வீட்டில் அதுதான் நடந்தது.

ராஜி_ஒட்டாவா:
காம்போடு வைத்தீர்களா, கிள்ளிவிட்டா? சீனி போட்டீர்களா? நான்கு கப் பழத்துக்கு முக்கால் கப் சீனி பிரட்டி வைத்தால் நிறமும் ருசியும் அப்படியே நிற்கும்.

குளிர்நாட்டான்:
ஜூன் மாதம் வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்பதுதான் முறை. ஈரப் பழத்தைப் பையில் குவித்தால் அந்த ஈரமே பனிக்கட்டியாகிப் பழங்களை ஒட்ட வைக்கும். குவியலின் நடுவே குளிர் மெதுவாகத்தான் போகும். மெதுவாக உறைந்தால் பழத்துக்குள் பெரிய பனித் துகள்கள் உண்டாகி உள்ளே கிழித்துவிடும். அதனால்தான் கூழ். இது அடிப்படை.

செல்வி_ஸ்காபரோ:
விஷயம் சரி அண்ணா, ஆனால் முதல் தடவை செய்பவருக்கு அது எப்படித் தெரியும்?

மார்க்கம்_அம்மா:
கழுவி, வடித்து, உடனே பெரிய பையில். நாலு லிட்டர் கூடை முழுவதும். சீனி இல்லை, சின்னவனுக்கு இரண்டு வயது.

செல்வி_ஸ்காபரோ:
அப்படியென்றால் காரணம் தெரிந்துவிட்டது. மற்றக் கூடையில் நசுங்கியதை ஒதுக்குங்கள். குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று அலசி, துவாயில் பரப்பி, மேல் ஈரம் முழுக்கக் காயவிடுங்கள். காம்பைக் கழுவிய பிறகே கிள்ளுங்கள், முதலே கிள்ளினால் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். அப்புறம் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கி, ஓர் இரவு பிரீசரில் வையுங்கள். காலையில் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடினால் 8 மாதம் தாங்கும். ஒரே நாளில் முழுக் கூடையும் வேண்டாம், பாதி பாதியாக.

எப்படிச் செய்தாலும் முழுக்க உருகினால் மெத்தென்றுதான் ஆகும். பெரியவர்கள் அரை உறைவில் சாப்பிடலாம். சின்னவனுக்கு உறைந்த பழத்தை முழுதாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். இளகவிட்டுச் சிறிதாக நறுக்கித் தயிரில் போடுங்கள்.

நல்லூர்ப்_பிள்ளை:
அரை மணி நேரம் உப்புத் தண்ணீரில் போடாமல் நாங்கள் எந்தப் பெரியும் உறைய வைப்பதில்லை. உள்ளே வெள்ளைப் புழு இருக்கும். சைவக்காரர் கவனிக்க வேண்டும்.

குளிர்நாட்டான்:
அரை மணி ஊறினால் பழம் தண்ணீர் குடித்துவிடும். இப்போது சொன்னதெல்லாம் வீண்.

நல்லூர்ப்_பிள்ளை:
புழுவைச் சாப்பிடுவதைவிடப் பரவாயில்லை.

பண்ணைவேலை_தம்பி:
நான் நயாகரா பக்கம் பெரித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். நீங்கள் சொல்வது ஆசியாவிலிருந்து வந்த ஒரு பழ ஈயின் புழு. மற்றப் பழ ஈக்கள் அழுகியதைத் தேடும், இது மரம் அறுக்கும் வாள் போன்ற உறுப்பால் நல்ல பழத்தையே கீறி முட்டை வைக்கும். ஆனால் ஜூன் ஸ்ட்ரோபெரியில் தொல்லை குறைவு, ஜூலை கடைசிக்கு மேல் ராஸ்பெரியில்தான் அதிகம். ஆய்ந்த உடனே குளிரில் வைத்தால் முட்டை வளராது. அப்புறம், ப்ளூபெரியை உறைய வைக்குமுன் கழுவாதீர்கள், தோல் தடித்துப்போகும். எடுத்துச் சாப்பிடும்போது கழுவலாம்.

நல்லூர்ப்_பிள்ளை:
ஜூனில் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா தம்பி?

பண்ணைவேலை_தம்பி:
இல்லையென்று சொல்ல மாட்டேன் அண்ணா. ஒன்றிரண்டைப் பிளந்து பாருங்கள், கண்ணுக்குத் தெரியும்.

மார்க்கம்_அம்மா:
பாதிக் கூடை நேற்று இரவு தட்டில் வைத்தேன். காலையில் கூழாங்கல் மாதிரித் தனித்தனியாக உருண்டது. நன்றி செல்வி அக்கா. பழைய கட்டி அடுப்பில், ஜாமுக்கு.

ராஜி_ஒட்டாவா:
உப்பு எத்தனை கரண்டி போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே?