சத்துவாச்சாரி வீட்டுக்கு முதல் மீன் தொட்டி: அன்றைக்கே மீன் விடலாமா, ஒரு மாதம் பொறுக்கணுமா?

மாடிவீட்டு அப்பா

வணக்கம். எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில், முதல் மாடி. மூத்தவளுக்கு இன்னும் பத்து நாளில் பிறந்தநாள், ஏழு முடிகிறது. சின்னவனுக்கு நாலு வயது. இரண்டு வருடமாக மீன் தொட்டி கேட்கிறாள். இந்த முறை வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கடையில் விசாரித்தேன். ஒரு அடி கண்ணாடித் தொட்டி, கலர் கல், ஏர் மோட்டார், இரண்டு கோல்டு ஃபிஷ், அழுக்குத் தின்ன ஒரு சக்கர் மீன், எல்லாம் ஒரே செட். "இன்னைக்குத் தண்ணி ஊத்தி இன்னைக்கே விட்டுடலாம் சார்" என்றார்கள். என் அக்கா வீட்டில் அப்படித்தான் விட்டார்கள். நாலாம் நாள் சாயங்காலம் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் மூன்றும் மிதக்கிறது. அந்த அழுகையை நேரில் பார்த்தவன் நான். என் பெண்ணுக்கு அது வேண்டாம்.

எங்கள் போர் தண்ணீர் டிடிஎஸ் மீட்டரில் (கரைந்த உப்பை அளப்பது) 900 காட்டுகிறது. பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டும். குழாயில் காவிரித் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. சமையலறையில் ஆர்ஓ இருக்கிறது. எதை ஊற்றுவது?

காட்பாடி தொட்டிக்காரன்

அண்ணா, அந்த செட்டை வாங்காதீர்கள். கோல்டு ஃபிஷ் கடையில் விரல் நீளம்தான் இருக்கும். நன்றாக வளர்ந்தால் ஒரு சாண் தாண்டும், பத்து வருடத்துக்கு மேல் வாழும். சக்கர் அதைவிட மோசம், ஒன்றரை அடி வரை போகும். இரண்டுமே ஒரு அடித் தொட்டிக்கான மீன் இல்லை.

அக்கா வீட்டில் நடந்ததற்குக் காரணம் இதுதான். மீன் மூச்சிலும் கழிவிலும் அம்மோனியா விடுகிறது. மிச்சமான தீனி அழுகினாலும் அதேதான். பழகிய தொட்டியில் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றினால் போதும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா இருக்காது. அது வளர்ந்து நிலைக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயே கிடக்க வேண்டியதுதான்.

நம் ஊரில் இது இன்னும் கடுமை. தண்ணீரின் பிஹெச் (காரத்தன்மையின் அளவு) 7இலிருந்து 8க்கு ஏறினால் அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. சூடு ஏறினால் இன்னும் கூடும். நம் போர் தண்ணீர் பெரும்பாலும் 7.5க்கு மேல்தான் இருக்கும். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்?

ஆகவே, இரண்டடித் தொட்டி வாங்குங்கள். தண்ணீர் ஊற்றி ஃபில்டரை ஓட விடுங்கள். மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு ஒரு மாதம் பொறுங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீன்.

கோட்டை அகழி

தம்பி காட்பாடி சொல்வதைப் படித்தால் மீன் வளர்க்க கெமிஸ்ட்ரி பட்டம் வேண்டும் போலிருக்கிறது. நான் 1984லிருந்து சாயிநாதபுரத்தில் மீன் வளர்க்கிறேன். கொல்லையில் மூன்றுக்கு இரண்டு அடி சிமெண்ட் தொட்டி. போர் தண்ணீர்தான். டெஸ்ட் கிட் என்ற ஒன்றை நான் கையால் தொட்டதில்லை. கப்பி, மோலி, ஃபைட்டர் எல்லாம் பெருகியிருக்கிறது, தெருப் பிள்ளைகள் பாட்டிலில் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

ஏழு வயதுப் பிள்ளையிடம் வெறும் தண்ணீரை ஒரு மாதம் பார் என்றால் அது என்ன நினைக்கும்? பிறந்தநாளுக்கு மீன் என்றால் மீன்தான். நாலு கப்பியை விடுங்கள், தீனியைக் குறைத்துப் போடுங்கள், ஒன்றும் ஆகாது. பிள்ளைகளுக்கு ஆசை காட்டி ஏமாற்றுவது எனக்குப் பிடிக்காது.

காட்பாடி தொட்டிக்காரன்

ஐயா, ஒன்று கேட்கிறேன். உங்கள் சிமெண்ட் தொட்டியில் அடியில் மண் இருக்கிறதா? பாசி, செடி?

கோட்டை அகழி

இருக்கிறது. ஒரு விரற்கடை ஆற்று மணல். வேலம்பாசி என்ற நீர்ச்செடி எப்போதும் கிடக்கும். சுவர் முழுக்கப் பச்சை. அதைத் தேய்க்க விடமாட்டேன், குஞ்சுகள் அதில்தான் மேயும்.

காட்பாடி தொட்டிக்காரன்

அப்படியானால் நீங்களும் நான் சொல்வதைத்தான் செய்திருக்கிறீர்கள், பெயர் மட்டும் வைக்கவில்லை. அந்த மணலிலும் பச்சைச் சுவரிலும் நாற்பது வருட பாக்டீரியா குடியிருக்கிறது. வேலம்பாசி அம்மோனியாவை நேராகவே உறிஞ்சிக்கொள்ளும். மூன்றுக்கு இரண்டு தொட்டி என்றால் தண்ணீரும் அதிகம், விஷம் சேர நாளாகும். அண்ணன் வாங்கப் போவது துடைத்து வைத்த புதுக் கண்ணாடி. அதில் நாலு கப்பி விட்டாலும் முதல் மூன்று வாரம் அதுகள் தவிக்கும். பிழைத்துவிட்டால் தவித்தது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். உங்கள் அனுபவத்தை நான் குறை சொல்லவில்லை ஐயா. அதே அனுபவம் புதுத் தொட்டிக்குப் பொருந்தாது என்கிறேன்.

குடியாத்தத்து அம்மா

மீன் எப்போது விடுவது என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். மூன்றாம் மாதம் அந்தத் தொட்டியை யார் பார்ப்பது? என் வீட்டில் பையன் கேட்டான், அவன் அப்பா வாங்கி வந்தார், வாரா வாரம் வாளி தூக்கியது நான். இரண்டடித் தொட்டிக்குக் கால் பங்கு தண்ணீர் என்றாலே ஒரு வாளி. மாடிவீட்டுக்காரரே, அந்த வேலை உங்களுடையது என்று வீட்டில் முதலிலேயே சொல்லிவிட்டு வாங்குங்கள்.

நாலு வயதுப் பிள்ளை இருக்கிறது என்றதால் இன்னொன்று. மோட்டார் ஒயர் நேராக பிளக்குக்குப் போகக் கூடாது. ஒயரை பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், அப்போதுதான் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விழும், பிளக்குக்குள் இறங்காது. தொட்டிக்குள் கை விடுமுன் ஸ்விட்சை அணைக்கும் பழக்கத்தைப் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுங்கள். தீனி டப்பா சின்னவன் கைக்கு எட்டக் கூடாது. எங்கள் வீட்டில் ஒரு நாள் மத்தியானம் டப்பா மொத்தத்தையும் கொட்டிவிட்டான். தண்ணீர் பால் மாதிரி ஆகி, அன்று ராத்திரியே பாதி மீன் போனது.

மாடிவீட்டு அப்பா

அக்கா சொல்வது சரி, வாளி என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொள்கிறேன். தொட்டி வைக்க இரண்டு இடம் யோசித்தேன்: மேற்கு ஜன்னல் ஓரம், இல்லையென்றால் ஹாலில் டிவி பக்கத்துச் சுவர். டிவி மேசை பிளைவுட்.

காட்பாடி தொட்டிக்காரன்

மேற்கு ஜன்னல் வேண்டவே வேண்டாம். சாயங்கால வெயில் பட்டால் பாசி பிடிக்கும், தண்ணீரும் கொதிக்கும். ஹால் சுவர் நல்லது. ஆனால் பிளைவுட் மேசை தாங்காது. 60க்கு 30க்கு 30 சென்டிமீட்டர் தொட்டியில் 54 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்தால் 70 கிலோ தாண்டும். இரும்பு ஸ்டாண்டு போடுங்கள், தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் ஷீட். ஒருமுறை நீர் நிரப்பினால் நகர்த்த முடியாது.

தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்கள். தனி ஆர்ஓ தண்ணீரில் உப்புச் சத்து அநேகமாக எதுவும் இல்லை, மீனுக்கு அது ஆகாது. முக்கால் பங்கு காவிரி, கால் பங்கு போர் என்று கலந்துகொள்ளுங்கள். காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் திறந்து ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்து.

நம் ஊர்க்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு ஒன்று உண்டு. சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் வாரம் இரண்டு விரல் இறங்கும். குறைந்ததை போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். கண்ணாடியில் நீர்மட்டக் கோட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அது உள்ளே நடப்பதற்குச் சாட்சி. ஆவியானதை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். வாரம் ஒரு முறை கால் பங்கை எடுத்துவிட்டுக் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள்.

கோட்டை அகழி

இதில் தம்பியோடு ஒத்துப்போகிறேன். கத்திரி வெயிலுக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். தண்ணீர் சூடானால் காற்று அதில் குறைவாகத்தான் கரையும். மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் அதற்குப் பசியில்லை, மூச்சு முட்டுகிறது. அந்த நேரம் தீனி போடாதீர்கள். மூடியைத் திறந்து, சின்ன ஃபேன் காற்று தண்ணீர் மேல் படும்படி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கரண்ட் போனால் குவளையால் மொண்டு மேலிருந்து ஊற்றுங்கள், பெண்ணே செய்வாள். ஹீட்டர் விற்பார்கள், இப்போதைக்கு வாங்காதீர்கள்.

மீன் எது என்றால் கப்பிதான். உப்புத் தண்ணீருக்குப் பயப்படாது. ஆணும் பெண்ணும் விடுங்கள். நாலு வாரத்துக்கு ஒரு முறை குஞ்சு போடும். குஞ்சு வெளியே வருவதைப் பார்த்த பிள்ளைகள் அதை மறக்காது.

காட்பாடி தொட்டிக்காரன்

கப்பி சரி. ஆணும் பெண்ணும் வேண்டாம் என்பேன். ஒரு தடவை சேர்ந்தாலே பெண் கப்பி மாதக்கணக்கில் குஞ்சு போடும். 54 லிட்டரில் ஆறு மாதத்தில் நிரம்பிவிடும். அப்புறம் என்ன செய்வார்கள்? ஏரியில் கொட்டுவார்கள். சக்கர் மீனை அப்படிக் கொட்டித்தான் இன்று சென்னைப் பக்கத்து நீர்நிலைகளில் வலை போட்டால் அதுவே வருகிறது. ஆறு ஆண் கப்பி போதும், வண்ணமும் அதுகளுக்குத்தான்.

கோட்டை அகழி

ஏரியில் விடச் சொல்லவில்லை. மூடிய கிணற்றில் விட்டால் கொசுப்புழுவைத் தின்னும், கொசு ஒழிக்க அரசே கப்பி விடுகிறது. குஞ்சு பார்க்காத தொட்டி என்ன தொட்டி? இதில் என் எண்ணம் மாறாது. ஆனால் முதல் வருடம் ஆண் மட்டும் என்றால் தடுக்க மாட்டேன்.

அப்புறம் தம்பி, நீ மணலைப் பற்றிக் கேட்டதை ராத்திரி யோசித்தேன். 2009இல் வீடு பூசியபோது தொட்டியைச் சுரண்டிக் கழுவி, புது மணல் போட்டு, பழைய மீன்களையே விட்டேன். அந்த மாதம்தான் அத்தனை ஃபைட்டரும் போனது. சுண்ணாம்பு மேல் பழி போட்டேன். இப்போது அது மட்டுமா என்று சந்தேகமாக இருக்கிறது.

மாடிவீட்டுத் தம்பி, என்னிடம் ஒரு வருடம் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கிறது, பஞ்சு கறுப்பாக இருக்கும். உங்கள் தொட்டியில் தண்ணீர் ஊற்றிய அன்று வந்து வாங்கிக்கொள்ளுங்கள். என் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கியபடி கொண்டு போங்கள், காயக் கூடாது. குழாயில் கழுவிவிடாதீர்கள்.

காட்பாடி தொட்டிக்காரன்

ஐயா, இதைவிட நல்லது எதுவும் இல்லை. பழைய பஞ்சு போட்டால் ஒரு மாதம் என்பது இரண்டு வாரமாகக் குறையும். பஞ்சு அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த வாளித் தண்ணீரில் லேசாகப் பிழிந்தால் போதும். தினச் சிட்டிகைத் தீனியை நிறுத்தாதீர்கள் அண்ணா, பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு.

மாடிவீட்டு அப்பா

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன். பிறந்தநாளன்று தொட்டி, மணல், ஐயா கொடுத்த பஞ்சு, வேலம்பாசி மட்டும்தான். மீன் இல்லை என்றதும் முகம் வாடியது உண்மை. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தவள் "அப்பா, நத்தை!" என்று கத்தினாள். பாசியோடு கடுகளவு நத்தை ஒன்று வந்திருக்கிறது. அது கண்ணாடியில் எவ்வளவு ஏறியது என்று தினமும் நோட்டில் கோடு போடுகிறாள். டெஸ்ட் கிட் டியூபைக் குலுக்குவதும் அவள்தான்.

அம்மோனியா டியூப் நேற்றிலிருந்து மஞ்சள், அதாவது பூஜ்யம். நைட்ரைட் இன்னும் லேசாக ஊதா காட்டுகிறது.

கோட்டை அகழி

ஊதா போகட்டும். போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆறு கப்பியை அவளே வலையில் பிடிக்கட்டும்.