பிரான்சைஸ்: ‘சேவைக் குத்தகை’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பயணிகள் ரயிலைத் தனியாரிடம் விடுவது பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். “தனியார்மயமான லண்டன்–எடின்பரோ சேவையை 2009இல் அதை ஓட்டிய நிறுவனம் அரசிடமே திருப்பிக் கொடுத்தது” என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த தோழி கேட்டார்: “விற்றாயிற்று என்றால் அப்புறம் எப்படித் திருப்பிக் கொடுப்பார்கள்?” அவர் கேட்டது சரி. அந்தச் சேவையை யாருக்கும் விற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு ஓட்டக் கொடுத்திருந்தார்கள்.

அந்த ஏற்பாட்டின் பெயர் பிரான்சைஸ் (franchise). இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இங்கே நண்பர்கள் இதுவரை சொன்ன சொற்கள் மூன்று: உரிமம், கிளையுரிமை, ஓட்டுரிமை. உரிமம் என்பது லைசென்ஸுக்குப் போய்விட்டது. ரயில் ஓட்ட அது தனியாகவே தேவை. கிளையுரிமை கடைகளுக்குப் பொருந்தும். ஓட்டுரிமை என்றால் தேர்தல்தான் நினைவுக்கு வரும். நான் முன்வைப்பது ‘சேவைக் குத்தகை’.

குத்தகையில் நிலம் உடையவரிடமே இருக்கும். விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசியதை அளந்தாக வேண்டும். பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பயணிகள் சேவையில் நடந்தது பெரும்பாலும் இதுதான். வருமானமுள்ள வழித்தடத்துக்கு நிறுவனம் அரசுக்குப் பணம் கட்டும். நஷ்ட வழித்தடம் என்றால் குறைந்த மானியம் கேட்டவருக்குக் கிடைக்கும். பணம் எந்தப் பக்கம் போனாலும், டிக்கெட் வசூல் குறைந்தால் அது குத்தகைதாரர் பாடு.

நன்மை தீமை இரண்டுமே இந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. இருக்கை நிரம்பினால் தனக்கு லாபம் என்பதால் குத்தகைதாரர் பயணிகளைத் தேடிப் போவார். 1990களின் நடுப்பகுதியோடு ஒப்பிட்டால் 2019க்குள் அங்கே ரயில் பயணங்கள் இரண்டு மடங்குக்கு மேல் ஆயின. அதில் பொருளாதார வளர்ச்சிக்கும் பங்குண்டு, ஆனால் இந்த உந்துதலை நான் மறுக்க மாட்டேன். மறுபக்கம், ஏழெட்டு ஆண்டுக் குத்தகைக்கு வந்தவர் கிணறு வெட்ட மாட்டார். ரயில் பெட்டி முப்பது ஆண்டுக்கு மேல் ஓடும்; அதை அவர் ஏன் வாங்க வேண்டும்? அதனால்தான் பெட்டிகளை வாங்கி வாடகைக்கு விட அங்கே தனி நிறுவனங்களே இருக்கின்றன.

ஏலத்தில் கூட்டிக் கேட்டுவிட்டுக் கையை விரிப்பதும் உண்டு. அந்த லண்டன்–எடின்பரோ சேவையை 2007இல் எடுத்தவர் 140 கோடி பவுண்டு தருவதாகச் சொல்லி, 2009 நவம்பரில் விட்டுப் போனார். 2015இல் வந்தவர்கள் 2023 வரை 330 கோடி தருவதாகப் பேசினார்கள்; 2018 ஜூனோடு முடிந்தது. இரண்டு முறையும் அரசே ஓட்ட வேண்டியதாயிற்று.

பெருந்தொற்றுக் காலத்தில் 2020இல் வசூலும் செலவும் அரசின் கணக்குக்கு வந்தன. நிறுவனங்களுக்கு ஓட்டும் கூலி மட்டும். அதைக் குத்தகை என்று சொல்லக் கூடாது, ‘கூலி ஒப்பந்தம்’ என்பேன். இவ்வளவு மாறியும் செய்திகளில் ‘தனியார் ரயில்’ என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். 2024 சட்டத்தின்படி சேவைகள் அரசிடம் திரும்புகின்றன. பெட்டிகளோ இன்னும் வாடகைப் பெட்டிகள்தான். ஆகவே ‘தேசியமயம்’ என்று ஒரே சொல்லில் முடித்தாலும் தவறாகிவிடும்.

ஜப்பானுக்குக் குத்தகை பொருந்தாது. 1987இல் தேசிய ரயில்வேயை ஆறு பயணிகள் நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் பிரித்தார்கள். பயணிகள் நிறுவனங்களிடம் தண்டவாளமும் வண்டியும் சேர்ந்தே போயின. நான்கின் பங்குகள் பிற்பாடு சந்தையில் விற்கப்பட்டன. ஹொக்கைடோ, ஷிகோக்கு நிறுவனங்கள் இன்றும் அரசின் கையில். விற்ற நான்குக்குத்தான் ‘தனியார்மயம்’ சரியான சொல்.

குத்தகை என்றாலே, ‘மொத்தக் குத்தகை’ என்று சொல்வதுபோல, ஏகபோகம் என்ற வாடை வருமே என்று ஒரு நண்பர் தயங்கினார். வரட்டும். ஒரு வழித்தடத்துச் சேவையைப் பெரும்பாலும் ஒருவருக்கே கொடுப்பதுதானே பிரான்சைஸ்?

எனக்கு இன்னும் அகப்படாத சொல் ஒன்று. 2012 முதல் இத்தாலியில் இத்தாலோ நிறுவனம் அரசு ரயிலோடு அதே தண்டவாளத்தில் போட்டி போட்டு ஓட்டுகிறது. ஏலம் இல்லை, குத்தகை இல்லை. உரிமம் பெற்று, தண்டவாளத்தைப் பயன்படுத்தத் தடக்கட்டணம் கட்டி ஓட்டுகிறது. ஆங்கிலத்தில் இதை ஓப்பன் ஆக்சஸ் (open access) என்பார்கள். ‘திறந்த அணுகல்’ என்று அப்படியே எழுதினால் ஒன்றும் புரியாது. ‘பொதுத்தட இயக்கம்’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.