லெவல் வந்தது சரி, ரத்தம் எப்போது எடுத்தார்கள்? வார்டில் கற்ற பார்மகோகைனடிக்ஸ்

வகுப்பில் பார்மகோகைனடிக்ஸ் (மருந்து உடலில் எப்படிச் சேர்கிறது, பரவுகிறது, வெளியேறுகிறது என்ற படிப்பு) என்றால் கிராஃபும் சமன்பாடும்தான். வார்டுக்குப் போனபிறகுதான் அந்தக் கோட்டின் முனையில் ஒரு மனிதர் படுத்திருக்கிறார் என்று உறைக்கிறது. அப்படி உங்களுக்கு உறைத்த நாளைப் பற்றி எழுதுங்கள், படிக்கிற தம்பி தங்கைகளுக்கு உதவும். நோயாளி யார் என்று தெரியும்படி எதுவும் வேண்டாம். நானே தொடங்குகிறேன்.

இன்டர்ன்ஷிப்பின் இரண்டாவது மாதம். இதயச் செயலிழப்புக்கு டிகாக்சின் எடுத்துவந்த முதியவர் ஒருவருக்கு லெவல் (ரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு) மில்லிலிட்டருக்கு 2.4 நானோகிராம் என்று லேப்பிலிருந்து ஃபோன் வந்தது. இதயச் செயலிழப்புக்கு 0.5 முதல் 0.9 வரை இருந்தாலே போதும். மருந்தை நிறுத்துவதா, முறிமருந்து வேண்டுமா என்று வார்டே பரபரத்தது. என் சீனியர் மட்டும் நேராகக் கட்டிலுக்குப் போனார். பெரியவர் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குமட்டல் இல்லை, பார்வையில் மஞ்சள் இல்லை, நாடி 74, பொட்டாசியமும் சரியாகவே இருந்தது. சீனியர் மருந்து அட்டையைப் புரட்டினார். காலை 8 மணிக்கு மாத்திரை, 9 மணிக்கு ரத்தம்.

விஷயம் அவ்வளவுதான். வாய்வழி டிகாக்சின் முதலில் ரத்தத்துக்கு வந்து, பிறகு மெதுவாகத்தான் தசைக்குள் இறங்கும். அதற்குள் ரத்தம் எடுத்தால் எண் பொய்யாக உயர்ந்திருக்கும். அதன் பரவல் கனஅளவு (மருந்து ரத்தத்தைத் தாண்டி உடலில் எவ்வளவு பரவுகிறது என்று காட்டும் எண்) ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 7 லிட்டர் என்று மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் மருந்து அவ்வளவு தூரம் போய்ச் சேர நேரம் பிடிக்கும் என்று யோசித்ததே இல்லை. டோஸ் கொடுத்துக் குறைந்தது 6 மணி நேரமாவது கழியவேண்டும். அடுத்த டோஸுக்குச் சற்று முன்னால் எடுத்தால் இன்னும் நல்லது. மறுநாள் காலை மாத்திரைக்கு முன்பு எடுத்தபோது 0.8.

அன்றிலிருந்து எந்த ரிப்போர்ட்டைப் பார்த்தாலும் எண்ணுக்கு முன்னால் நேரத்தைத்தான் தேடுகிறேன்.

— பொது மருத்துவ வார்டு மருந்தாளுநர்

*

என்னுடையது வருத்தமான அனுபவம். பல வருடம் ஆகியும் மனதை விட்டுப் போகவில்லை.

வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினைத் தினம் 300 மி.கி. எடுப்பவர். லெவல் லிட்டருக்கு 10 மி.கி., இருந்தும் வலிப்பு வந்துகொண்டிருந்தது. இலக்கு 10 முதல் 20. "400 ஆக்கலாமா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். டோஸ் மூன்றில் ஒரு பங்கு கூடினால் லெவலும் அவ்வளவு கூடி 13 ஆகும் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்து, "ஆக்கலாம் சார்" என்றேன்.

மூன்றாவது வாரம் வீட்டார் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். நடை தள்ளாடியது, கண்மணிகள் பக்கவாட்டில் துடித்தன, பேச்சு குழறியது. லெவல் 30.

ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் நொதிகள் சிகிச்சை அளவிலேயே நிரம்பிப்போகும், பிறகு டோஸைச் சற்றுக் கூட்டினாலும் லெவல் எகிறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தேர்வில் அதைக் கணக்கிடும் மைக்கேலிஸ் மென்டன் சமன்பாட்டை எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். கட்டிலருகே அது நினைவுக்கு வரவில்லை. அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உடல் ஒரு நாளில் அதிகபட்சம் 420 மி.கி.யை வெளியேற்றும், கேஎம் மதிப்பு (அந்த வேகத்தில் பாதியை எட்டும் லெவல்) 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 மி.கி.க்கு நிலைச்செறிவு (தினம் எடுத்துவந்தால் லெவல் கடைசியில் நிலைக்கும் அளவு) 10. 350க்கு 20. 400க்கு 80! அந்த 80-ஐத் தொடவே பல வாரம் ஆகும், அதற்குள்ளேயே அவர் விழத் தொடங்கிவிட்டார். அதே ஆளுக்கு 330 கொடுத்திருந்தால் 15க்குச் சற்றுக் கீழே நின்றிருக்கும். (ஃபெனிட்டாயின் சோடியத்தில் 92 சதவீதம்தான் ஃபெனிட்டாயின். கணக்கு எளிதாக இருக்க அதை இங்கே விட்டுவிட்டேன்.)

மருந்தைச் சில நாள் நிறுத்தி, குறைந்த டோஸில் மறுபடி தொடங்கினோம். அவர் தேறிவிட்டார். அவர் மனைவியிடம் என்ன நடந்தது என்று நானே போய்ச் சொன்னேன். இப்போது மாணவர்களிடம் சொல்வது இதுதான்: ஃபெனிட்டாயினை 30, 50 என்று சின்னச் சின்னதாக ஏற்றுங்கள். அடுத்த லெவலுக்கு அவசரப்படாதீர்கள். மற்ற மருந்துகளுக்குச் சொல்லும் "ஐந்து அரை ஆயுள் போதும்" என்ற கணக்கு (அரை ஆயுள் என்றால் லெவல் பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஐந்து கழிந்தால் லெவல் நிலைத்துவிடும்) இதற்குப் பொருந்தாது. லெவல் ஏற ஏற அரை ஆயுளே நீண்டுகொண்டு போகும்.

— நரம்பியல் பிரிவில் இருந்தவன்

*

மேலே ஃபெனிட்டாயின் பற்றி எழுதியவருக்கு நன்றி. மறைக்காமல் எழுதியதற்கு இன்னொரு நன்றி.

அதே மருந்தில் எனக்கு எதிர்ப்பக்கமாக நடந்தது. லெவல் 8, குறைவு, ஏற்றலாம் என்றார்கள். ஆனால் அவருக்கு வலிப்பே இல்லை, ரத்தப் புரதமான ஆல்புமின் வெறும் 2. ஃபெனிட்டாயினில் 90 சதவீதம் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டிருக்கும், வேலை செய்வது மிச்சமுள்ள பகுதிதான். ஆல்புமின் குறைந்தால் மொத்த லெவல் குறைவாகத் தெரியும், கட்டற்ற மருந்து போதுமான அளவு இருக்கும். இதைச் சரிக்கட்ட ஒரு சமன்பாடு உண்டு: ஆல்புமினை 0.2ஆல் பெருக்கி 0.1 கூட்டினால் 0.5. 8-ஐ அதால் வகுத்தால் 16. டோஸைத் தொடவில்லை. கட்டற்ற லெவலை நேரடியாக அளக்க வசதி இருந்தால் இந்தச் சமன்பாட்டை நம்பாமல் அதையே கேளுங்கள், 1 முதல் 2 வரை இருக்கவேண்டும்.

*

வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் லெவல் 42 என்று வந்து, எல்லோரும் சிறுநீரகத்தைச் சந்தேகித்த ஒரு நாள். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் அசையவே இல்லை. இரவுப் பணி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த சிஸ்டரைப் பிடித்து, "சிஸ்டர், ரத்தம் எந்தக் கையில் எடுத்தீங்க?" என்றேன். மருந்து ஏறிய அதே லைனில் எடுத்தது. அவர் ஒளிக்காமல் சொன்னதால்தான் அந்த நோயாளிக்கு இரண்டு டோஸ் வீணாகத் தவறாமல் போனது. மறு கையில் எடுத்தபோது 14.

2020 வழிகாட்டுதலுக்குப் பிறகு கடுமையான எம்ஆர்எஸ்ஏ (பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியா) தொற்றுக்கு வெறும் ட்ரஃப் அளவை (அடுத்த டோஸுக்குச் சற்று முன் உள்ள லெவல்) மட்டும் நம்பாமல், 24 மணி நேர ஏயுசியை (லெவல் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு) 400 முதல் 600க்குள் வைக்கப் பார்க்கிறோம். இரண்டு ரத்த மாதிரி எடுத்துச் செய்வதானால், மருந்து ஏறி முடிந்த நேரம் நிமிடக் கணக்கில் தெரியவேண்டும். முதல் மாதிரி 30, எட்டு மணி நேரம் கழித்து 15 என்றால் அரை ஆயுள் எட்டு மணி என்று கால்குலேட்டர் இல்லாமலே சொல்லிவிடலாம். ஆனால் அந்த எட்டு உண்மையில் ஐந்தரை என்றால்? அதனால்தான் சிஸ்டர்களோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். லேப் தராத விவரம் அவர்களிடம்தான் இருக்கிறது.

*

மனநல வார்டிலிருந்து ஒன்று. பல மாதமாக ஒரே அளவு க்ளோசபைன் என்ற மனநோய் மருந்து எடுப்பவர் வேறு காரணத்துக்காக அட்மிட் ஆனார். ஒரு வாரத்தில் சதா தூக்கம், எச்சில் வடிதல், எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கியது. டோஸ் மாறவில்லை, புது மருந்தும் இல்லை. மாறியது ஒன்றுதான்: வார்டில் புகைபிடிக்க முடியாது.

புகை கல்லீரலின் 1ஏ2 நொதியைத் தூண்டி க்ளோசபைனை வேகமாகக் கழிக்கும். புகை நின்றால் ஒரு வாரத்துக்குள் அந்தத் தூண்டல் போய்விடும், லெவல் ஏறும். "நிகோட்டின் பேட்ச் ஒட்டியிருக்கிறோமே" என்று கேட்டார்கள். நொதியைத் தூண்டுவது நிகோட்டின் அல்ல, புகையிலை எரியும்போது வரும் ஹைட்ரோகார்பன்கள். பேட்ச் ஏக்கத்தைத் தணிக்கும், லெவலை இறக்காது. டோஸைக் குறைத்தோம். அப்புறம் இன்னொன்று, வீட்டுக்குப் போய் மறுபடி பிடித்தால் லெவல் சரிந்து நோய் திரும்பும். இதை அவர் அண்ணனிடம் இரண்டு முறை சொல்லி, டிஸ்சார்ஜ் தாளிலும் எழுதிக் கொடுத்தோம். ஆஸ்துமா மருந்தான தியோஃபிலின் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான்.

*

நான் இன்னும் மாணவி. இவ்வளவு பெரிய அனுபவம் இல்லை, சென்ற வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

85 வயதுப் பாட்டி, எடை 40 கிலோ. காலில் ரத்த உறைவு. ரத்தம் உறையாமல் தடுக்கும் இனாக்சபாரின் 40 மி.கி. இரண்டு வேளை. கேஸ் ஷீட்டில் "கிரியேட்டினின் 0.9, நார்மல்" என்று இருந்தது. தசையே இல்லாத உடம்பில் கிரியேட்டினின் எங்கிருந்து வரும் என்று தோன்றியது. காக்ராஃப்ட் கால்ட் (சிறுநீரகத்தின் கிளியரன்ஸ், அதாவது ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகத்தை மதிப்பிடும் சமன்பாடு) போட்டேன். 140இல் 85 போனால் 55, அதை 40ஆல் பெருக்கி, 72 மடங்கு 0.9ஆல் வகுத்து, பெண் என்பதால் 0.85. கிட்டத்தட்ட 29. முப்பதுக்குக் கீழே போனால் ஒரு வேளைதான். மூன்று தடவை சரிபார்த்தேன், கை நடுங்கியது.

ரவுண்ட்ஸில் தாளை நீட்டி, "சார், இந்தப் பாட்டிக்கு கிளியரன்ஸ் 29 வருது" என்றேன். அவர் தாளை வாங்கிப் படித்தார், எடையை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். நேற்றுக் காலை, நானே நிறுத்துப் பார்த்தேன் என்றேன். இரவு வேளையை அடித்துவிட்டு, பக்கத்துக் கட்டிலைக் காட்டி, "இவங்களுக்கும் போட்டுச் சொல்லும்மா" என்றார்.